பதினோராம் அத்தியாயத்து ரேடியோ

“அப்போ ரேடியோவை எடுத்துட்டு அந்த இடத்துல எதை வைக்கறது?”

“போனை வைங்க. வேற எதை வைப்பீங்க, புறாவையா?”

“சார், கதை நடக்கறது சந்திரனுக்கும் அப்பால.”

“அங்கயும் போன் இருக்கும்னு நம்புவோம். எதிர்காலம்தானே.”

பதிப்பாளர் இப்படிச் சொன்னதும் பக்க வடிவமைப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு அந்த அலுவலகத்தில் மார்ஜின் என்றுதான் பெயர். பக்கத்தின் ஓரத்தில் விடும் வெள்ளை இடத்தை யார் கெஞ்சினாலும் குறைக்க மாட்டார் என்பதால் வந்த பெயர். சிரிக்காமல் இருந்தவள் கேள்வி கேட்ட எடிட்டர் மட்டும்தான். கீழே பேட்டரிக் கடையில் யாரோ ஹாரனைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜன்னல் கண்ணாடி ஒருமுறை நடுங்கி அடங்கியது.

நாற்பது வருடங்களுக்கு முன்னால் வந்த விஞ்ஞான நாவல் அது. பல்செட்டு செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்த்த ஒரு பெண், அச்சில் ஊற்றிய மாவு இறுகும்வரை கிடைக்கிற சின்னச் சின்ன இடைவெளிகளில் எழுதியது. உயிரில்லாத ஒரு துணைக்கோளில் தகவல் நிலையம் ஒன்று. அதைக் காவல் காக்கிறவள் ஒரு தாய். அவளுடைய ஒரே மகன், திரும்பி வரும் வழியில்லாத ஒரு கப்பலில் போய்விட்டான். தினமும் வேலை முடிந்ததும் அவள் ரேடியோ முன்னால் உட்கார்ந்து அவனோடு பேசுகிறாள். குழாய் ஒழுகியதை, தூசி வடிகட்டியைக் கழுவியதை, முழங்கால் வலியை. பதில் வருவதில்லை. கடைசிப் பக்கம்வரை வருவதில்லை. அவ்வளவுதான் கதை. எடிட்டர் அதைப் பதினைந்து வயதில் நூலகத்தில் அட்டை கிழிந்த பிரதியாகப் படித்திருந்தாள். மறுபதிப்பு கொண்டுவரலாம் என்று பதிப்பாளரை நச்சரித்ததும் அவளேதான்.

பதிப்பாளர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். அவருக்கு இதில் ஒரு தத்துவம் உண்டு. மற்ற நாவலில் ரேடியோ வந்தால் அது பழைய காலம். விஞ்ஞான நாவலில் ரேடியோ வந்தால் அது தப்பான எதிர்காலம். பழையதை வாசகன் மன்னிப்பான், தப்பை மன்னிக்க மாட்டான். அதனால் எல்லாவற்றையும் புதுப்பித்துவிட வேண்டும். எழுத்தாளரிடம் போனில் கேட்டபோது அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம். என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், புத்தகம் கடைக்கு வந்தால் போதும் என்றாராம்.

எடிட்டரும் மாற்றத்தான் செய்தாள். முதலில் கை கூசியது, பிறகு பழகிவிட்டது. ஒலிநாடாச் சுருள்கள் போயின. ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த கணக்கிடும் யந்திரம் மேசைமேல் ஏறியது. ஆக்சிஜனை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற கப்பலில் கேப்டன் நிம்மதியாகப் பற்றவைத்த சிகரெட்டை அணைத்தாள். விண்வெளியில் டைப்ரைட்டருக்குக் கார்பன் தாள் தீர்ந்துபோய் ஒருவன் அல்லாடும் காட்சியை நீக்கும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், இவ்வளவும் போன பிறகும் நாவலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டையை மாற்றிக்கொண்ட மனிதனைப் போல அது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ரேடியோவையும் அப்படி நினைத்துத்தான் போனாக மாற்றிப் பதினோராம் அத்தியாயத்தை மாதிரிக்காகப் பதிப்பகத்தின் தளத்தில் போட்டார்கள். வந்த பின்னூட்டங்களில் பாதி ஒரே விஷயத்தைக் கேட்டன. போனில் அனுப்புகிறாள் என்கிறீர்கள், மகன் கேட்டானா இல்லையா என்று அவளுக்குத் தெரியாதாம், நீங்கள் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்?

“அவங்க கேக்கறது நியாயம்தானே” என்றார் பதிப்பாளர். “கேட்டுட்டான்னு ஒரு அடையாளம் காட்டிடுங்க. ஒரே ஒரு வரி. நாளைக்கு மதியம் அந்தம்மா வராங்க, கடைசிப் பிரதியைப் பார்த்துக் கையெழுத்துப் போட. மறுநாள் காலையில அச்சகத்துக்குப் போகணும்.”

டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டாள். பழைய பிரதியில் அந்த இடம் இப்படி இருந்தது: அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். இருட்டு அவள் சொன்னதை வாங்கி வைத்துக்கொண்டது. அதை அடித்துவிட்டு எழுதினாள்: திரையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் இருந்த புள்ளி நீலமாயிற்று. மகன் கேட்டுவிட்டான். அவள் காத்திருந்தாள். புள்ளி நீலமாகவே இருந்தது.

பதிப்பாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு தரம் படிச்சேம்மா. இது எங்கேருந்து வந்துச்சு உங்களுக்கு?”

சும்மா தோன்றியது என்றாள்.

சும்மா தோன்றவில்லை. அவளுடைய கணினியில் நாவல் திறந்திருந்த ஜன்னலுக்குப் பின்னால் இன்னொரு ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். அது அம்மாவின் போனில் இருக்கும் செய்திகள் அப்படியே தெரிகிற ஜன்னல். அம்மாவுக்கு ஏதாவது சிக்கல் வந்தால் அலுவலகத்திலிருந்தே சரிசெய்யலாம் என்று இணைத்து வைத்தது. அம்மாவுக்கு இது தெரியாது. அதில் தம்பியின் பெயருக்குக் கீழே அம்மா அனுப்பிய குரல் செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்டு கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குட்டி மைக் படம். அனுப்பியவுடன் சாம்பலாக இருக்கும். அந்தப் பக்கம் கேட்டுவிட்டால் நீலமாகிவிடும். மேலிருந்து கீழ்வரை அத்தனையும் நீலம்.

தம்பி கடலுக்கு நடுவில் எண்ணெய் துளையிடும் மேடையில் வேலை பார்க்கிறான். அப்பாவோடு பேச்சு முற்றிப்போய் ஒரு பையை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பியவன். அப்பா இறந்தபோது வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று ஒரு வரி அனுப்பினான். கிடைத்திருந்தது, அவன்தான் வேண்டாம் என்றுவிட்டான் என்பது பின்னால் அவனோடு வேலை பார்த்த ஒருவர் வழியாக அவளுக்குத் தெரியவந்தது. அம்மாவுக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் போனை எடுப்பதே இல்லை. அவளுக்கும் எடுப்பதில்லை. “அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசுடா” என்று அவள் அனுப்பியதையும் பார்த்திருந்தான். பார்த்ததோடு சரி.

அம்மாவிடம் அவள் சொல்லி வைத்திருந்தது வேறு. கடல் மேடையில் சிக்னல் கிடைக்காது, எப்போதாவது கப்பல் வந்தால்தான் கொஞ்சம் கிடைக்கும், நீ பேசி அனுப்பிவை, என்றைக்காவது மொத்தமாகக் கேட்டுக்கொள்வான். அம்மா நம்பினாள். நிறம் மாறுவதைப் பற்றி ஒருமுறை கேட்டபோது, அனுப்பி ஒரு நாள் ஆனால் அப்படித்தான் மாறும், எழுதின மை காய்கிற மாதிரி என்று சொல்லிவிட்டாள். வாயில் வந்த பொய். எவ்வளவு நன்றாக வந்தது என்று அவளே ஒரு நிமிடம் வியந்துகொண்டாள். எடிட்டர் அல்லவா.

அம்மா தினமும் சாயங்காலம் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடி, போனை பிஸ்கட் கடிக்கப்போகிறவள்போல வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசுவாள். கீழ்வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொல்வாள். உன் சட்டை ரெண்டு இங்கே கிடக்கு, பூச்சி அரிக்காம வெயிலில் போட்டு எடுத்து வெச்சேன் என்பாள். கடைசியில் தவறாமல், “சரி, வெச்சுடறேன்” என்பாள், அந்தப் பக்கம் யாரோ போனைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல. அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவின் குரல் தேய்ந்துவிட்டது. காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, எதற்கும் இரண்டு வார்த்தைக்கு மேல் வருவதில்லை. அந்த ஒரு நேரத்தில் மட்டும் பழைய குரல் வரும், நக்கலும் அலுப்பும் அதட்டலுமாக. எடிட்டருக்குப் பயம் அதைப் பற்றித்தான். சிக்னல் இல்லை என்று இருக்கிறவரை அம்மாவின் கோபமெல்லாம் கடல்மேல். அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், கேட்டுவிட்டுத்தான் சும்மா இருக்கிறான் என்று தெரிந்தால் அம்மா திட்ட மாட்டாள், அழக்கூட மாட்டாள். பேசுவதை நிறுத்திவிடுவாள். அந்தப் பக்கத்துக்கு மட்டுமல்ல, இந்தப் பக்கத்துக்கும்.

மறுநாள் மதியம் எழுத்தாளர் வந்தார். குள்ளமான உருவம். விரல் நுனிகளில் அத்தனை வருட மாவின் வறட்சி இன்னும் இருந்தது. யார் பேசினாலும் அவர் கண் முதலில் அவர்களுடைய பல்லுக்குத்தான் போயிற்று. வணக்கம் சொன்ன மார்ஜினிடம், உங்கள் முன்பல்லுக்கு உறை போட்ட டாக்டர் அவசரக்காரர், கடிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதன்பிறகு மார்ஜின் வாயை மூடிக்கொண்டே புன்னகைத்தார். எத்தனை பிரதி அடிப்பீர்கள் என்று பதிப்பாளரைக் கேட்டார். பதில் கிடைத்த பிறகும் சற்று நேரத்தில் மறுபடி கேட்டார், முதல்தடவை காதில் விழாதவர்போல. அந்தக் கேள்வியில் ஒரு பதற்றம் இருந்தது. இவருக்கும் பயம்தான், தன் புத்தகத்தை ஒருத்தரும் எடுத்துப் பார்க்காமல் போய்விடுவார்களோ என்று, என எடிட்டர் நினைத்துக்கொண்டாள்.

திருத்தங்களை எல்லாம் அவர் மடமடவென்று தள்ளிக்கொண்டு போனார். சிகரெட்டைத் தூக்கியது நல்லது, எழுதும்போதே உறுத்தியது, ஆனால் அப்போதெல்லாம் கேப்டன் என்றால் பிடித்தாக வேண்டும் என்றார். கார்பன் தாளுக்கு மட்டும் சின்னதாக ஒரு உச்சுக்கொட்டல். அதைப் படித்துவிட்டு ஒருவர் பாராட்டி எழுதியிருந்தாராம். அதோடு விட்டுவிட்டார். பதினோராம் அத்தியாயத்தில் நின்றார். படித்தார். விரலை வைத்து மறுபடி படித்தார். எடிட்டர் தன் நாற்காலியின் கைப்பிடியில் பிய்ந்திருந்த ரெக்சினைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“இவன் கேட்டான்னு உனக்கு யாரும்மா சொன்னது?”

வாசகர்கள் கேட்டதை, போன் என்றால் இப்படியொரு அடையாளம் இருக்கும் என்பதை அவள் விளக்கத் தொடங்கினாள். எழுத்தாளர் கையை அசைத்தார்.

“அது புரியுது. நான் கேக்கறது வேற. நான் எழுதும்போது அவன் உயிரோட இருக்கானான்னே எனக்குத் தெரியாது. கப்பல் வெடிச்சிருக்கலாம். தூங்கிட்டிருக்கலாம். கேட்டுட்டு அழுதுட்டிருக்கலாம். எனக்குத் தெரியாமலேதான் புத்தகத்தை முடிச்சேன். நீ எப்படிக் கண்டுபிடிச்ச?”

அதில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. ஒரே வேலை செய்கிற இருவரில் ஒருத்தி மற்றவளிடம், இந்தப் பொருத்தை எப்படிச் சேர்த்தாய் என்று கேட்கிற மாதிரி நிஜமான ஆவல். அதுதான் எடிட்டருக்குத் தாங்கவில்லை. அவள் பதிப்பாளரைப் பார்த்தாள். அவர், அருமையாக வந்திருக்கிறது அல்லவா, இளைஞர்களுக்கு நெஞ்சில் தைக்கும் என்றார். எழுத்தாளர் தலையாட்டினார். நன்றாகத்தான் இருக்கிறது, விற்கும் என்றார். பேனாவைத் திறந்தார். திறந்த பேனாவோடு பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டினார்.

“ஆனா அடுத்த நாள் அவ மறுபடி வந்து பேசறாளே. இது தெரிஞ்சப்புறம் எப்படிப் பேசுவா?”

“வைராக்கியமாப் பேசலாமே” என்றார் பதிப்பாளர்.

“பேசலாம். என்னவோ. எனக்குத் தெரியல, நீங்க சின்னவங்க.” அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வாசல்வரை போய்த் திரும்பி, எத்தனை பிரதி என்று சொன்னீர்கள் என்று கேட்டார்.

அவர் போன பிறகு பதிப்பாளர், பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நாலு வரி சேர்த்து ஒட்டுப்போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எடிட்டர் உட்கார்ந்தாள். முதலில் அந்தத் தாயைக் கோபப்பட வைத்தாள். ரேடியோ முன்னால், இல்லை, போன் முன்னால், அவள் மகனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். படித்துப் பார்த்தால் டிவி நாடகம்போல இருந்தது. அழித்தாள். கெஞ்ச வைத்தாள். அது இன்னும் மோசம். கேட்கட்டும் கேட்காமல் போகட்டும், நான் பேசுகிறேன் என்று ஒரு ஞானியைப்போலச் சொல்ல வைத்தாள். ஒழுகும் குழாயைப் பற்றிப் புலம்புகிற அந்தப் பொம்பளைக்கு ஞானம் ஒட்டவே இல்லை. மூன்றாவதையும் அழித்துவிட்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வரி என்ன என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அடுத்த நாள் அவள் வரவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. நாவல் பதினோராம் அத்தியாயத்தோடு முடிந்துவிட்டது. மிச்சம் ஒன்பது அத்தியாயத்தையும் அந்த நீலப் புள்ளி விழுங்கிவிட்டது.

பதினைந்து வயதில் படித்தபோது அந்தப் புத்தகத்தில் ஒலிநாடாச் சுருள் இருந்ததாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை. கணக்கிடும் யந்திரம் எவ்வளவு பெரியது என்று யார் பார்த்தார்கள். அவளுக்கு நினைவிருந்தது பொத்தானிலிருந்து எடுத்த அந்த விரல். படித்துவிட்டு நூலகத்துப் படிக்கட்டில் இறங்கி வரும்போது, வானம் ஒரு பெரிய காதுபோல இருக்கிறது என்று நினைத்ததும், அது கேட்கிறதா இல்லையா என்று தெரியாததில் ஒரு பயமும் கூடவே ஏதோ ஒரு சந்தோஷமும் இருந்ததும் நினைவிருந்தது. அந்தச் சந்தோஷம் எதனால் என்று இன்றுவரை அவளுக்குப் பிடிபட்டதில்லை. பிடிபடாததால்தான் இத்தனை வருடம் கழித்தும் அந்தப் புத்தகத்தைத் தேடிப் போனாள்.

பின்னால் இருந்த ஜன்னலை முன்னால் கொண்டுவந்தாள். நேற்றுச் சாயங்காலம் அனுப்பியது. நீலம். அம்மா மூன்று நிமிடம் பேசியிருந்தாள். இதை அவன் எப்படிக் கேட்டிருப்பான்? நின்றுகொண்டா, படுத்துக்கொண்டா? பாதியில் நிறுத்தினானா? ஏன் கேட்கிறான்? வேண்டாம் என்றால் அம்மாவின் எண்ணையே பிளாக் செய்துவிடலாமே. அந்த நீலம் அதையெல்லாம் சொல்வதில்லை. கேட்டான் என்று மட்டும் சொல்லிவிட்டு, எல்லாம் சொல்லிவிட்டதுபோல இருக்கிறது.

மார்ஜின் எட்டிப் பார்த்தார். “என்ன எடிட்டரம்மா, ரேடியோவா போனா? முடிவு பண்ணிட்டா நான் பக்கத்தைக் கட்டிடுவேன்.”

“காலையில சொல்றேண்ணே. கட்டிடாதீங்க.”

“என்னைக் கேட்டா ரேடியோதான். ரெண்டு வரி குறையும், பக்கம் லட்சணமா முடியும்.” அவர் உறை போட்ட பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தபடி போனார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பதிப்பாளரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். எழுத்தாளரே கையெழுத்துப் போட்டுவிட்டாரே, உங்களுக்கு என்ன வலி என்று கேட்பார். என்ன வலி என்று சொல்ல முடியாது. பக்கத்து இருக்கைப் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் இருக்கையில் ஒருவர், கம்பியைப் பிடித்து நின்றவர், எல்லாரும். எல்லா முகத்திலும் அந்த வெளிச்சம். தாங்கள் அனுப்பியது அந்தப் பக்கத்தில் என்ன ஆயிற்று என்று இத்தனை பேரில் எத்தனை பேருக்குத் தெரியும், எத்தனை பேருக்குத் தெரியாது என்று எண்ணிக்கொண்டே வந்ததில் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போயிற்று. திரும்பி நடந்தாள்.

வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. செருப்பைக் கழற்றும்போதே சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அந்தக் குரல். உள்ளே போகாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“...நாலு குட்டியில ஒண்ணு மட்டும் நம்ம வீட்டுப் படியில வந்து உக்காந்துக்குது. விரட்டினா போக மாட்டேங்குது. உன்னை மாதிரியே திமிரு. சாப்பாடு வெச்சா திரும்பிப் பாக்காது, நான் உள்ள போனப்புறம் வந்து சாப்பிட்டுட்டுப் போகுது. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. சரி, வெச்சுடறேன்.”

பிறகு சத்தமில்லை. வழக்கமாக அம்மா போனை மேடைமேல் வைக்கும் ஒலி கேட்கும், அடுத்து விளக்கை அணைக்கும் ஒலி. இரண்டும் கேட்கவில்லை. எடிட்டர் எட்டிப் பார்த்தாள். அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்து, பிறகு தள்ளிப் பிடித்து, பார்த்துக்கொண்டே நின்றாள். கழுவிய கையின் ஈரம் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“பாப்பா, வந்துட்டியா? இங்க வாயேன்.”

போனாள்.

“ஒரு நாள் ஆனாத்தான் மாறும்னு சொன்ன. இப்பத்தான் பேசி முடிச்சேன். நான் பாத்துட்டே இருக்கேன், என் கண்ணெதிர்லயே மாறுது.”

எடிட்டர் பார்த்தாள். கடைசி வரிசையில் குட்டி மைக் நீலமாக இருந்தது. இதுவரை அவள் மறுநாள் அலுவலகத்தில்தான் பார்த்திருக்கிறாள், மாறி முடிந்த பிறகு. இது இப்போது மாறியது. அப்படியானால் எங்கேயோ, இரைச்சலான ஒரு கடல் மேடையில், இந்த நொடி அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான். பூனை படியில் உட்கார்ந்திருப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். உன்னை மாதிரியே திமிரு என்பதை இன்னும் கேட்டிருக்க மாட்டான், அது கடைசியில்தான் வருகிறது. அம்மா பேசப்போகும் நேரத்துக்காக அவன் காத்திருந்திருக்கிறானா? இன்றைக்கு மட்டுமா, எப்போதுமா? அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பொய் தயாராக நாக்கு நுனிவரை வந்திருந்தது: போன் பழசாகிவிட்டது அம்மா, சில சமயம் இப்படித்தான். நல்ல பொய். ஒட்டு தெரியாது. அதைச் சொல்லாமல் அம்மாவோடு சேர்ந்து திரையையே பார்த்தாள்.

திரை மங்கத் தொடங்கியது. அணைந்துவிடாமல் அம்மா ஈரக் கட்டைவிரலால் அதை மெல்லத் தொட்டாள். வெளிச்சம் திரும்பி வந்து அவள் கண்ணாடியில் இரண்டு சின்னச் சதுரங்களாக விழுந்தது. போனை மகளிடம் நீட்டினாள். நீட்டிய கையை எடுக்கவில்லை.

“இது என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன், பாப்பா.”